கேட் பாஸ் இல்லாமல் இறங்கிய மூவர்

புதுவாயல்
6 ஜூலை 2025

ஹேமாற்றுக்காரிக்கு,

கடிதம் என்றால் 'அன்புள்ள' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். இருக்கிற சரக்கைத்தானே கடையில் வைக்க முடியும்? இல்லாததை எழுதவில்லை.

முதலில் வார்டன் சந்திரகலா மேடத்துக்கு வணக்கம். ஹாஸ்டலுக்கு வருகிற கடிதங்களை எல்லாம் நீங்கள் பிரித்துப் படித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பீர்களாமே. நாஷ்டா ஆச்சா மேடம்? கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள், என் கையெழுத்து கொஞ்சம் பேஜாராக இருக்கும்.

இனி உனக்கு. நேற்று நூலகத்துக்குப் போனேன். புத்தகம் எடுக்க இல்லை, ஃபேன் காற்று வாங்க. நோட்டீஸ் போர்டில் ஆரணியாறு வாசகர் வட்டத்தின் தாள் ஒட்டியிருந்தது. மாவட்டப் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் புனைகதைப் போட்டி. உலகத்துச் சிறுகதைகளில் திரும்பத் திரும்ப வரும் கரு ஒன்றை எடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பது விதி. இறுதிச் சுற்றுக்கு வந்த கதைகளில் ஒன்று 'கேட் பாஸ்'. எழுதியவர் இரா. ஹேமாவதி.

எழுதிய'வர்'! அந்த 'ர்' மட்டும் உன்னுடையது. மீதியில் பாதி என்னுடையது.

நூலகர் துளசிராமன் சார் பார்த்துவிட்டு, "இன்னாமா, போர்டையே மொறைச்சிக்கினு நிக்கிறே? உன் ஃபிரெண்டுதானே, சந்தோஷப்படேன்" என்றார். "ஃபிரெண்டு இல்ல சார், பங்காளி" என்றேன்.

மறந்துவிட்டதா? பள்ளிக்குப் போக சோழவரத்தில் நீ பஸ் ஏறி வருவாய், புதுவாயலில் நான் ஏறுவேன். நீ ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். பிளஸ் ஒன் முழுக்க அப்படித்தான் அந்தக் கதையைக் கட்டினோம். உங்கள் ஊர்ப் பழைய ரேஸ் டிராக்கில் பொழுது சாயும் நேரத்தில் வேறு கிரகத்தார் மூன்று பேர் இறங்குகிறார்கள் என்றது நீ. அதைத்தான் உலகமே சொல்லியிருக்கிறதே. ஆடு மேய்க்கிறவர் வெள்ளைத் துண்டை ஆட்டி அவர்களை ஓரம் போகச் சொல்கிறார் என்றது நான். அவர்கள் நடந்தே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வருகிறார்கள் என்றது நீ. வாட்ச்மேன் செல்போனிலிருந்து நிமிராமல் "கேட் பாஸ் கீதா?" என்று கேட்கிறான் என்றது நான். தூக்கம் கிடையாது, சாப்பாடு கிடையாது, பி.எஃப். கேட்க மாட்டான் என்று கான்ட்ராக்டர் மூன்று பேரையும் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துக்கொள்கிறார் என்றது யார்? நான், நான், நான். தலைப்பே என் வாயிலிருந்து விழுந்ததுதான். பொறுக்கிக்கொண்டு போய் நீ முத்திரை குத்தியிருக்கிறாய்.

வட்டத்துக்கு நீயே எழுதி என் பெயரைச் சேர். இல்லாவிட்டால் நான் எழுதுவேன். எனக்கு எழுத வராது என்று சொல்லிக்கொண்டு திரிகிறாயாமே. இதைப் படித்த பிறகும் சொல்.

இப்படிக்கு,
பூமிகா


திருவள்ளூர்
11 ஜூலை 2025

பூமிகாவுக்கு,

உன் கடிதம் மேடத்தின் மேஜையில் கிடந்துவிட்டுத்தான் வந்தது. இதுவும் அவர் பார்த்த பிறகுதான் தபாலுக்குப் போகும். அதனால் உன்னைத் திட்ட நினைத்ததில் பாதியை மட்டும் எழுதுகிறேன். மீதிப் பாதியை நீயே நிரப்பிக்கொள். பாதி என்றால் உனக்கு உயிராயிற்றே.

நான் எதற்காக இந்த ஹாஸ்டலில் இருக்கிறேன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? ஏப்ரல் ஒன்றாம் தேதி குரலை மாற்றிக்கொண்டு என் அப்பாவுக்குப் போன் போட்டாய். "ராக்கெட் தளத்துலேர்ந்து பேசறோம், உங்க பொண்ண விண்வெளிப் பயிற்சிக்கு செலக்ட் பண்ணிருக்கோம்." அவர் என்னிடம்கூடக் கேட்கவில்லை. தெருவுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார். விண்வெளி உடுப்பில் என் தலையை ஒட்ட வைத்து ஃபிளக்ஸ் அடித்து ஏரிக்கரை முனையில் கட்டினார். சாயங்காலம் நீ சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்ல வந்தபோது, அவர் அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் ராக்கெட் ராமலிங்கம். உரக்கடைக்குப் போனால், "இன்னா ராக்கெட்டு, எப்ப கெளம்புது?" என்கிறார்கள். அவர் நிலத்தில் அறுப்புக்கு வருகிற ஆட்கள்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஊர் வாயை மூட அவருக்குத் தெரிந்த ஒரே வழி, என்னை டாக்டர் ஆக்குவது. கொண்டு வந்து இங்கே தள்ளினார். விடிவதற்கு முன் டெஸ்ட், இருட்டிய பிறகு டெஸ்ட். மார்க் என் கைக்கு வருவதற்கு முன்பே அப்பாவின் போனுக்குப் போய்விடுகிறது.

கதைக்கு வருவோம். வேறு கிரகத்தார் வருவது உங்கள் வீட்டுச் சொத்தா? திரும்பத் திரும்ப வருவதெல்லாம் திருட்டு இல்லை. பயம் திரும்ப வருகிறது, கதையும் திரும்ப வருகிறது. மனிதன் புதிதாக ஒரு இயந்திரம் செய்யும்போதெல்லாம், அது தன்னை விழுங்கிவிடுமோ என்று ஒருவர் கதை எழுதுகிறார். எல்லாருக்கும் மாற்றிவிட ஆசைப்படுகிற ஒரு நாள் இருக்கிறது, அதனால் காலப்பயணக் கதை எழுதுகிறார்கள். என்னிடம் அப்படி ஒரு இயந்திரம் கிடைத்தால் எந்த நாளுக்குப் போவேன், யார் கையிலிருந்து போனைப் பிடுங்குவேன் என்று உனக்கே தெரியும்.

நீ பேசினாய். நான் உட்கார்ந்து எழுதினேன். 'ஒரே சூரியன்தான், ஆனால் அவர்களுடைய நிழல்கள் மூன்று திசையில் விழுந்தன' என்று நீ எழுதியிருப்பாயா? உனக்கு நிழல் என்றால் உட்காருகிற இடம்.

கடைசியாக ஒன்று. போன மாதம் பார்க்க வந்தபோது அப்பா சொன்னார்: "பரிசு வாங்கிக் காட்டு. பழைய ஸ்கூலுக்கே போயிடலாம்." எனக்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். ஒரு கதைக்கு ஒரு ஆசிரியர் என்பது போட்டி விதி. விதியே இல்லாவிட்டாலும், உன் பெயர் பக்கத்தில் இருந்தால் என் அப்பா அந்த மேடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்.

பூமிக்குப் பாரமாக இருப்பது போதும். எனக்கும் பாரமாக இருக்காதே.

இரா. ஹேமாவதி


புதுவாயல்
15 ஜூலை 2025

ஹே மாவரசிக்கு,

மாவு அரைப்பதில் நீ ராணிதான். அரைத்த மாவையே அரைக்கிறாய். துளசிராமன் சாரிடம் நீ அனுப்பிய கதையின் நகல் இருந்தது. வாங்கிப் படித்தேன். முடிவு என்ன? மூன்று பேரும் ரேஸ் டிராக்குக்குத் திரும்பி நடந்து வந்து, 'மனிதர்களே, அன்பாக இருங்கள்' என்று வானத்தில் வெளிச்சத்தால் எழுதிவிட்டுப் பறந்து போகிறார்கள். அடியே, இது அறிவியல் கதையா, காலை நேர குட் மார்னிங் மெசேஜா? ஒரு ரோஜாப்பூதான் குறை.

நானும் படித்திருக்கிறேன். காற்று வாங்கப் போகிற இடத்தில் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? ரோபோவுக்குக் கடைசியில் கண்ணீர் வரும். கதை சொல்கிறவனே ரோபோவாக இருப்பான். காலத்தில் பின்னால் போனவன் எதையோ தட்டிவிடுவான், திரும்பி வந்தால் எல்லாம் தலைகீழாக இருக்கும். கம்ப்யூட்டரிடம் பெரிய கேள்வி கேட்பார்கள், அது நம்மையே திருப்பிக் கேட்கும். வேறு கிரகம் என்று இறங்கினால் அது நம் பூமியாக இருக்கும். முதலில் செய்தவர்கள் பெரிய ஆட்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கருவைப் பிடித்து உலுக்கினார்கள். நீ அதற்குப் பொட்டு வைத்துப் போட்டோ எடுக்கிறாய்.

என் முடிவு உனக்குத் தெரியும். பஸ்ஸில் சொன்னபோது "சீ, அசிங்கம்" என்றாய். அவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள். எதற்குப் போக வேண்டும்? புதுவாயலில் அறை வாடகைக்கு எடுத்து, எங்கள் அம்மாவின் தள்ளுவண்டியில் கணக்கு வைத்து, சாப்பிடாவிட்டாலும் பழக்கத்துக்கு இட்லி வாங்குவார்கள். ஒருவன் சூப்பர்வைசர் ஆகிவிடுவான். அப்போது இரண்டாவது கப்பல் இறங்கும். அதிலிருந்து வந்தவர்களைப் பார்த்து, "எங்கேர்ந்தோ வந்துர்றானுங்க, நம்ம பொழப்பக் கெடுக்க" என்று முதலில் கத்துவது அவன்தான். அவ்வளவுதான் கதை.

அது கிடக்கட்டும். முக்கியமான விஷயம் ஒன்று. வரும் ஞாயிறு, பொழுது சாயும் நேரம், ரேஸ் டிராக். மூன்று பேர் வருவார்கள். சத்தம் வராத வண்டி. வெள்ளைத் துண்டை ஆட்டினால் நிற்பார்கள். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. படித்ததும் கிழித்துவிடு. மேடம், இந்தப் பத்தியை மட்டும் தயவுசெய்து படிக்காதீர்கள்.

பூமிகா


திருவள்ளூர்
23 ஜூலை 2025

பிசாசே,

இதை வார்டன் பார்க்க மாட்டார். திருப்பாச்சூரிலிருந்து தினமும் வந்து போகிற ஸ்நேகா தன் பையில் வைத்து எடுத்துப் போய்த் தபாலில் போடுவாள். நீ எழுதினாலும் அவள் வீட்டு முகவரிக்கே எழுது. இங்கே உன் கையெழுத்தைப் பார்த்தாலே போலீசுக்குப் போன் போடும் நிலைமை.

சிரித்தாயா? நன்றாகச் சிரி. நம் கதையின் முதல் பத்தியை எடுத்து வார்டனுக்குத் தூண்டில் போட்டாய். மீன் மாட்டிக்கொண்டது. நான் யாருடனோ ஓடிப் போகப் போகிறேன் என்று மேடம் அன்றைக்கே அப்பாவுக்குச் சொல்லிவிட்டார். "கதைதான் மேடம்" என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். "எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தாம்மா சொல்லும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று அம்மா போனில் சொன்னாள். அப்பா, சித்தப்பா மோகன்ராஜ், இன்னும் நாலு பங்காளிகள். கையில் சவுக்குக் கட்டை. டிராக் ஓரத்து முள்ளுப் புதரில் ஒளிந்துகொண்டு கொசுக்கடியில் உட்கார்ந்திருந்தார்களாம். பொழுது சாய்ந்தது. நிஜமாகவே சத்தம் வராமல் ஒரு வண்டி வந்தது. அதில் மூன்று பேர். சித்தப்பா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து ஆட்டினார். வண்டி நின்றது. பாய்ந்துவிட்டார்கள்.

பேட்டரி ஸ்கூட்டர். பால் சொசைட்டி செயலாளர், அவர் மனைவி, அவர்கள் பையன். காற்று வாங்க வந்தவர்கள்.

"யோவ், பால்ல தண்ணி ஊத்துறீங்கன்னு சொன்னதுக்கா கட்டையோட வந்து நிக்கிறீங்க?" என்று அவர் கத்த, அப்பா கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைக்க, அந்தச் சின்னப் பையன் பயத்தில் அழ, அம்மா சொல்லும்போதே அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் இப்போது ராக்கெட் ராமலிங்கம் இல்லை. புதுப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அதை எழுத என் கை வரவில்லை.

இதன் விலை என்ன தெரியுமா? எனக்கு வெளியே போகும் அனுமதி எல்லாம் ரத்து. ஆகஸ்ட் பத்தாம் தேதி திருவள்ளூரில் இறுதிச் சுற்று. எழுதியவர் வந்து கதையை வாசிக்க வேண்டும், வேண்டுமானால் திருத்தியும் வாசிக்கலாம். அல்லது அத்தாட்சிக் கடிதத்தோடு வேறொருவர் வந்து வாசிக்கலாம். வாசிக்காத கதை போட்டியில் இல்லை. இந்த ஹாஸ்டலில் யாரும் எனக்காகப் போக மாட்டார்கள். வெளியே எனக்குத் தெரிந்தவள், அந்தக் கதையைத் தடுமாறாமல் வாசிக்கக் கூடியவள் ஒருத்திதான். அவள் நீயாக இருப்பது என் தலைவிதி.

போய் வாசி. நான் எழுதியது எழுதியபடி. என் பெயரில். கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. கெடுத்ததைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

ஹேமாவதி


புதுவாயல்
27 ஜூலை 2025

ஹேமாவதி 'மேடத்துக்கு',

பால் சொசைட்டிக்காரர் கட்டத்தைப் படித்துவிட்டு, அம்மா ஊற்றிய தோசை கருகும் வரை சிரித்தேன். இரண்டு அடி வாங்கினேன். பையன் அழுதான் என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே.

வாசிக்கிறேன். ஆனால் கூலி இல்லாமல் வேலை செய்ய நான் ஒன்றும் வேறு கிரகத்திலிருந்து வரவில்லை. இரண்டில் ஒன்று கொடு. ஒன்று, கதையில் என் பெயர். அல்லது என் முடிவு. பெயர் உனக்கு என்றால் முடிவு எனக்கு. முடிவு உனக்கு என்றால் பெயர் எனக்கும்.

'மனிதர்களே அன்பாக இருங்கள்' என்று என் வாயால், மைக்கில், நாலு பேர் முன்னால் ஓசியில் சொல்ல முடியாது. வாய் கோணிக்கொள்ளும்.

பூமிகா


திருவள்ளூர்
31 ஜூலை 2025

பெயர் எனக்கு. முடிவை எடுத்துத் தொலை.

அத்தாட்சிக் கடிதம் இதோடு இருக்கிறது. உன் முடிவால் தோற்றால் பொதுத்தேர்வு முடியும் வரை நான் இங்கேதான். ஒவ்வொரு நாளும் விடிவதற்கு முன் எழுந்து, பல் தேய்க்கும்போது உன்னைச் சபிப்பேன். ஜெயித்தால் உனக்கு நன்றி சொல்வேன் என்றும் நினைக்காதே.

நிழல் வாக்கியத்தைத் தொடாதே.

ஹே.


புதுவாயல்
11 ஆகஸ்ட் 2025

பரிசு பெற்ற எழுத்தாளருக்கு,

முதல் பரிசு. மூச்சு விட்டுக்கொள். இனி மெதுவாகச் சொல்கிறேன். இனிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் கசப்பைக் கொடுக்க வேண்டும் என்று ஊசி போடுகிற நர்ஸ்கூடச் செய்கிறார்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் ரசத்தின் வாசனை போகவில்லை. எனக்கு முன்னால் வாசித்த பையனுடைய ரோபோ கடைசியில் அழுதது. அதற்கும் முன்னால் வாசித்தவனுடைய ரோபோவும் அழுதது. நடுவர்களில் ஒருவருக்கு ரோபோ அழுவதற்கு முன்பே கண் கலங்கியிருந்தது, கொட்டாவியில்.

நான் எழுந்தேன். "இரா. ஹேமாவதி சார்பாக" என்று ஆரம்பித்தேன். 'சார்பாக' என்பதை மட்டும் அழுத்திச் சொன்னேன். வாட்ச்மேன் வந்ததும் சிரித்தார்கள். கான்ட்ராக்டர் வந்ததும் இன்னும் சிரித்தார்கள். நிழல் வாக்கியத்தில் யாரோ "ச்சு" என்றார்கள். அது உன் கணக்கு, எழுதிக்கொள்.

பிறகு என் முடிவு. இரண்டாவது கப்பல் இறங்கியது. முதலில் வந்தவன் கத்தினான். சிரிக்க வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பின்வரிசையில் தொழிற்பேட்டைச் சீருடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், பக்கத்தில் இருந்த வடக்கத்திப் பையனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் உடனே வரவில்லை. தயங்கி, தயங்கி, அப்புறம் வந்தது. முதலில் தட்டியது யார் தெரியுமா? கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற உன் அப்பா. நீ வேலி தாண்டி வருகிறாயா என்று வேவு பார்க்க வந்தவர்.

பரிசு என்றதும் அவரே மேடை ஏறினார். சால்வை போட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். எம்பொண்ணு ஊட்ல இருந்தப்ப போனும் கையுமா கெடந்துச்சி. ஒரு கதை எழுதல, கட்டுரை எழுதல. ஆஸ்டல்ல போட்டேன். போனு இல்ல, வீண் பேச்சு இல்ல, கெட்ட சகவாசம் இல்ல. மூளை வேலை செஞ்சிச்சி, பரிசு வந்துச்சி. அதனால பரிட்சை முடியற வரைக்கும் எம்பொண்ணு அங்கதான் இருக்கும். நீங்களும் உங்க புள்ளைங்கள ஆஸ்டல்ல போடுங்க."

'கெட்ட சகவாசம்' என்றபோது சரியாக என் முகத்தைப் பார்த்தார்.

ஆக, உனக்குப் பெயர். உன் அப்பாவுக்குச் சால்வை. எனக்குக் காகிதத் தட்டில் ஒரு சமோசா, அதிலும் உருளைக்கிழங்கு ஒரு பக்கம்தான் இருந்தது.

பூமிகா


திருவள்ளூர்
20 ஆகஸ்ட் 2025

பூமிகா,

அப்பா சால்வையைப் போட்டுக்கொண்டே வந்தார். பஸ்ஸிலும் கழற்றவில்லையாம். மேடம் அவரோடு நின்று போட்டோ எடுத்து, இங்கே வாசலில் 'எங்கள் பயிற்சியின் வெற்றி' என்று மாட்டியிருக்கிறார். நான் அதைத் தாண்டித்தான் தினமும் டெஸ்டுக்குப் போகிறேன்.

"பழைய ஸ்கூலுக்கு அனுப்பறேன்னு சொன்னியேப்பா" என்றேன். "இந்த எடத்துலதாம்மா உனக்கு ராசி" என்கிறார். எந்தக் கதவு திறக்க அந்தப் பரிசை விரும்பினேனோ, அந்தக் கதவையே அது சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டது.

நீ அங்கேயே எழுந்து, "இது ஹாஸ்டலில் எழுதின கதை இல்லை, போன வருஷம் பஸ்ஸில் கட்டின கதை, பாதி என்னுடையது" என்று கத்தியிருக்கலாம். ஊர் பூரா கத்துகிறவள், கத்த வேண்டிய ஒரு நாளில் வாயில் சமோசாவை வைத்துக்கொண்டு நின்றாய். ஒப்பந்தத்தைக் காப்பாற்றினாயாம். உன்னிடம் நான் அதையா கேட்டேன்?

கேட்டேன். சரி. அதையும் கேட்டேன்.

நீ செய்யாததை நான் செய்துவிட்டேன். வாசகர் வட்டத்துக்கு எழுதினேன். கதை இரண்டு பேர் கட்டியது, பிளஸ் ஒன் படிக்கும்போதே முடிந்துவிட்டது, நான் இங்கே வந்து படியெடுத்து மட்டுமே அனுப்பினேன், கடைசிப் பகுதி முழுக்க மு. பூமிகாவுடையது, நடுவர்கள் பரிசு கொடுத்ததே அதற்குத்தான் என்று எழுதினேன். ஒரு கதைக்கு ஒரு ஆசிரியர் என்ற விதியையும் நானே எடுத்துக் காட்டினேன். அவர்கள் பரிசைப் பிடுங்க வேறு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

துள்ளிக் குதிக்காதே. உனக்காகச் செய்யவில்லை. இந்தப் போட்டோ அந்த வாசலிலிருந்து இறங்க வேண்டும், அதற்காக. உன் பெயரை எழுதும்போது பேனாவை அழுத்தி எழுதினேன், பின்பக்கம் தாள் கிழிந்துவிட்டது.

உன் முடிவை இப்போது நாலு தடவை படித்துவிட்டேன். பஸ்ஸில் அசிங்கம் என்று சொன்னேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. அது எங்கள் சித்தப்பா, எங்கள் தெரு, உங்கள் தெரு, எல்லாரும். அதனால்தான் என்னால் எழுத முடியவில்லை. உன்னால் முடிந்தது என்பதுதான் எரிகிறது.

ஹேமாவதி


புதுவாயல்
6 செப்டம்பர் 2025

இரா. ஹேமாவதிக்கு,

துரோகம் செய்வதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நான் உன் பெயரை வைத்து விளையாடினேன். நீ என் பெயரைக் கொடுத்தே கொன்றாய். எந்தக் கடிதத்தில் 'கதை பூமிகாவுடையது' என்று முதல்முறையாக எழுதினாயோ, அதே கடிதத்தால் அந்தக் கதைக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று.

இன்று காலை துளசிராமன் சார் புது நோட்டீஸ் ஒட்டினார். 'ஆசிரியர் விதியை மீறியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டோர்: மு. பூமிகா, இரா. ஹேமாவதி.' நான் பிறந்ததிலிருந்து என் பெயர் அச்சில் வந்தது இதுதான் முதல் தடவை. "பரவால்லமா, எழுத்துப் பிழை இல்லாம வந்திருக்கு" என்று சார் ஆறுதல் சொன்னார்.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா வந்தார். சால்வை இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேராகப் போர்டுக்குப் போய் விரலை வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். நான் பீரோவுக்குப் பின்னால் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"இன்னா சார் இது?" என்றார். "இவ பேரு மேல கீது, எம்பொண்ணு பேரு கீழ கீது?"

"அகர வரிசைங்க. பூ முன்னால, ஹே கடைசில."

"பரிசு வாங்கினது எம்பொண்ணு."

"பரிசு இல்லன்றதுக்குத்தாங்க இந்த நோட்டீஸே."

"அது கெடக்கட்டும். இதுலயாச்சும் மேல போடக் கூடாதா?"

சார் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சிரிப்பு?"

"சிரிக்கல அங்கிள். என் மூஞ்சியே அப்படித்தான்."

"மெய்யாலுமே பாதி உன்னுதா? இல்ல, இதுவும் ராக்கெட்டா?"

"பாதி என்னுது. கடைசியில கத்தறானே சூப்பர்வைசர், அவன் என்னுது. நிழல் மூணு பக்கம் விழறது ஹேமாவுது. எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது."

இதை உன்னிடம் சொன்னேன் என்று நினைக்காதே. அவரிடம்தான் சொன்னேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தக் கத்தறவனுக்குத்தான் நானு கை தட்டுனேன்" என்றார். யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி சொன்னார். "எப்ப செஞ்சீங்க?"

"போன வருஷம். பஸ்ஸுல. டெய்லி."

"பஸ்ஸுலயா? ஆஸ்டல்ல இல்ல?"

"ஆஸ்டல்ல எழுதினது அட்ரஸ் மட்டும்தான் அங்கிள்."

அவர் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பார்த்தேன். மைக்கில் பேசியது, ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது, வாசலில் தொங்கும் போட்டோ, எல்லாம் வரிசையாகப் போயின. கடைசியில் மறுபடியும் போர்டைப் பார்த்தார். அவருக்கு வலித்தது பரிசு போனது இல்லை. அந்த மேலே, கீழே.

"இவ பேருக்குக் கீழ எம்பொண்ணு பேரு நிக்கிதுன்னா, அந்த ஆஸ்டலுக்கு இன்னாத்துக்கு நானு டப்பு கட்றேன்? வர்ற வெள்ளிக்கெழம போயி இட்டாந்துர்றேன்" என்றார். படி இறங்கினவர் திரும்பி வந்து, "பஸ்ஸுல அவகூடப் பேசுனே, கால ஒடச்சிடுவேன்" என்றார்.

"நீங்க ஒடைக்க வேணாம் அங்கிள், நானே பேச மாட்டேன்" என்றேன். ஒரு விஷயத்திலாவது எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒத்துப்போகிறது.

ஆக, வெள்ளிக்கிழமை வருகிறாய். அந்த வாசலில் போட்டோவைக் கழற்றும்போது மேடத்தின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள். எனக்குச் சொல்ல வேண்டாம், பார்த்து மட்டும் வைத்துக்கொள்.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும். அதில் பையை வைத்திருப்பேன். எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். ஏப்ரல் ஒன்றாம் தேதியை நீ மன்னிக்க வேண்டாம், கதையில் என் பெயரை விட்டதை நானும் மன்னிக்கப் போவதில்லை. போர்டை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் முதலில் பேசுவது வழக்கம் இல்லை.

இப்படிக்கு,
இரா. ஹேமாவதிக்கு மேலே,
மு. பூமிகா